எடுக்காமல் போன படம்

தில்லி தீஸ் ஜனவரி மார்க்கில் உள்ள காந்தி ஸ்மிருதிக்கு வருகிறவர்கள் கடைசியில் ஒரே பாதையில்தான் வந்து நிற்கிறார்கள். பிரார்த்தனை மைதானத்தை நோக்கிக் காலடித் தடங்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. 1948 ஜனவரி 30 மாலை காந்தி கடைசியாக நடந்த வழி அது. படேலுடன் பேச்சு நீண்டதால் அன்று தாமதம், வேகமாக நடந்தார். தடங்கள் முடியும் இடத்தில் சுடப்பட்டார்.

இன்று அங்கே எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. அன்று மாலை அங்கு வந்திருக்க வேண்டிய ஒரு கேமரா பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. அதன் சொந்தக்காரர் ஹோமாய் வியாரவாலா, இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். பிரார்த்தனைக் கூட்டத்துக்குக் கிளம்பிய அவரைக் கணவர் திரும்ப அழைத்துக்கொண்டார்.

குஜராத்தின் நவ்சாரியில் 1913-ல் பிறந்த பார்ஸி பெண் ஹோமாய். 1942-ல் பிரிட்டிஷ் தகவல் துறை வேலைக்காகக் கணவர் மானெக்ஷாவுடன் தில்லிக்கு வந்தார். சேலை கட்டிக்கொண்டு, கனமான கேமராவோடு சைக்கிளில் போய் வேலை பார்த்தவர். 'டால்டா 13' என்பது அவரது புனைபெயர். பிறந்தது 1913-ல், கணவரை முதலில் சந்தித்தது 13 வயதில், முதல் காரின் எண் 'டிஎல்டி 13'.

அவர் படங்களை வைத்துக்கொண்டு தில்லியைச் சுற்றிவரலாம். செங்கோட்டையில் நேரு முதன்முதலில் கொடியேற்றியது 1947 ஆகஸ்ட் 16-ல், பலர் நினைப்பதுபோல் 15-ல் அல்ல. கொடிக்குக் கீழே திரண்ட கூட்டம் ஹோமாயின் படத்தில் இருக்கிறது. நேஷனல் ஸ்டேடியத்தில் நேரு புறாவைப் பறக்கவிடுகிறார். பாலம் விமான நிலையத்தில், 'புகைப்படம் எடுப்பது கண்டிப்பாகத் தடை' என்ற பலகைக்குப் பக்கத்தில் அதே நேரு நிற்கிறார். பலகையும் பிரதமரும் ஒரே படத்தில்!

ஆட்சியாளர்களுக்கு இவ்வளவு அருகில் ஒரு கேமரா போக முடிந்த காலம் அது. விமானத்தில் பிரிட்டிஷ் துணை ஹைகமிஷனரின் மனைவிக்கு நேரு சிகரெட் பற்றவைப்பதைக்கூட அவரால் எடுக்க முடிந்தது. 1956-ல் நாதுலா கணவாய் வழியாக சிக்கிமுக்கு வந்த தலாய் லாமா, 1961-ல் எலிசபெத் ராணி, 1962-ல் ஜாக்குலின் கென்னடி என்று வந்தவர்கள் எல்லோரும் அவர் படச்சுருளில் பதிந்தார்கள். ஆனாலும் அவருக்குப் பிடித்த முகம் நேருவினுடையது. 1964-ல் நேரு இறந்தபோது, மற்ற புகைப்படக்காரர்கள் பார்த்துவிடாதபடி முகத்தை மறைத்துக்கொண்டு அழுததாகப் பின்னாளில் சொன்னார்.

1969-ல் கணவர் இறந்தார். அடுத்த வருடமே ஹோமாய் தொழிலை விட்டார். புதிதாக வந்த புகைப்படக்காரர்களின் நடத்தை பிடிக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம். பிறகு தில்லியையும் விட்டு, மகனோடு ராஜஸ்தானின் பிலானிக்குப் போனார், அங்கிருந்து வடோதராவுக்கு. 1989-ல் மகனும் புற்றுநோயில் இறந்துவிட, தனியாகவே வாழ்ந்தார். 2011-ல் பத்ம விபூஷண் வந்தது. 2012 ஜனவரி 15-ல் காலமானார். அவரது படங்கள் தில்லியில் அல்காஸி அறக்கட்டளையின் பாதுகாப்பில் இருக்கின்றன.

காந்தியின் இறுதிச் சடங்கை ஹோமாய் படமெடுத்திருக்கிறார். ஆனால் அந்த மாலை திரும்பிப் போனதுதான் தன் வாழ்க்கையின் பெரிய வருத்தம் என்று கடைசிவரை சொல்லிவந்தார். காந்தி ஸ்மிருதியின் காலடித் தடங்களுக்குப் பக்கத்தில் நின்றால் அந்த வருத்தம் புரிகிறது. வீட்டிலிருந்து மைதானம் மிகக் குறைந்த தூரம். நடந்தால் சில நிமிடங்கள்கூட ஆகாது.