இமைப்பதற்கு மறந்த கண்கள்

காண்டாக்ட் லென்ஸ் கண்ணின் மீது அமர்கிறது என்று சொல்வது பேச்சு வழக்கு. உண்மையில் அது கண்ணீரின் மீதுதான் மிதக்கிறது. அழும்போது வழிகிற கண்ணீரல்ல. கருவிழியின் மேல் எப்போதும் பரவியிருக்கிற, தலைமயிரின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாத ஈரப் படலம். அடியில் வழவழப்பான பசை, நடுவில் நீர், மேலே ஆவியாகாமல் காக்கும் எண்ணெய். லென்ஸ் இந்தப் படலத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு நடுவில் உட்காருகிறது. ஈரம் தாராளமாக உள்ளவர்களுக்கு இதனால் நட்டமில்லை. வறண்ட கண்ணுக்கோ மாலை நான்கு மணிக்கே மணல் விழுந்தாற்போல் உறுத்தத் தொடங்கிவிடும்.

‘பேசாமல் கண்ணாடி போட்டுக்கொள்ளலாமே’ என்பார்கள். என் பவர் மைனஸ் 9. அத்தனை தடித்த கண்ணாடி உலகத்தையே ஏறத்தாழ 10 சதவீதம் சுருக்கிக் காட்டும். எழுத்துகளும் சேர்ந்து சுருங்கும். லென்ஸ் போட்ட முதல் நாள் அச்செழுத்து தன் உண்மையான அளவில் எனக்குத் தெரிந்தது. அழகுக்காக என்று நினைப்பவர்களுக்கு இதை விளக்குவதை விட்டு நாளாயிற்று.

மென்மையான லென்ஸை உருவாக்கியவர் ஓட்டோ விக்டெர்லெ என்ற செக் வேதியியலாளர். 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், மெர்க்குர் என்ற குழந்தைகளின் விளையாட்டுக் கட்டுமானப் பொருளையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு, வீட்டிலேயே அதற்கான இயந்திரத்தைச் செய்தார். அவர் பயன்படுத்தியது நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஒரு பிளாஸ்டிக். அந்தத் தாகம்தான் நம்மைப் போன்றவர்களுக்குச் சிக்கல். நீர் அதிகமுள்ள லென்ஸ் வறண்ட கண்ணுக்கு நல்லது என்று தோன்றும். ஆனால் அதிலிருந்து நீர் ஆவியாக ஆவியாக, குறைந்ததை அது கண்ணீரிலிருந்தே ஈடுசெய்துகொள்ளும். 1990களின் இறுதியில் வந்த சிலிக்கோன் ஹைட்ரோஜெல் லென்ஸ்களில், பிராணவாயுவைக் கடத்தும் வேலையைப் பெரும்பாலும் சிலிக்கோனே செய்கிறது. நீரை அத்தனை நம்பியிருக்க வேண்டியதில்லை. நான் இப்போது அணிவது அந்த வகையில், ஒரு நாள் போட்டு எறிந்துவிடுகிற லென்ஸ். பழைய லென்ஸில் படியும் அழுக்கும், கழுவும் திரவத்தின் எரிச்சலும் இதில் இல்லை. செலவுதான் கூடுதல்.

ஆனால் லென்ஸை மாற்றுவது பாதி வைத்தியம்தான். மீதி இமையில் இருக்கிறது. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 தடவை போல இமைக்கிறோம். புத்தகத்தில் ஆழ்ந்தாலோ கணினித் திரையை வெறித்தாலோ அது பாதிக்கும் கீழே போய்விடும். இமைத்தாலும் அரைகுறையாக இமைப்போம். மேலிமை கீழிமையைத் தொடாது. தொட்டு அழுத்தினால்தான் இமை விளிம்பிலுள்ள மைபோமியன் சுரப்பிகளிலிருந்து எண்ணெய் கசியும். தேவர்களுக்கு இமையவர் என்று பெயர் வைத்தார்கள் நம்மவர்கள். சுயம்வர மண்டபத்தில் நளனைப் போலவே உருக்கொண்டு வந்தமர்ந்த தேவர்கள் இமைக்கவில்லை. இமைத்தவனைப் பார்த்து, இவனே மனிதன், இவனே என் நளன் என்று தமயந்தி தெரிந்துகொண்டாள். நாவலில் மூழ்கியிருக்கும் வாசகனை அந்த வரிசையில் உட்கார வைத்திருந்தால் அவள் பாடு திண்டாட்டமாகியிருக்கும்.

ஆகவே பக்கம் புரட்டும்போதெல்லாம் ஒருமுறை முழுதாகக் கண்ணை மூடித் திறக்கிறேன். சிரிப்பாக இருக்கலாம், பலன் இருக்கிறது. மின்விசிறி முகத்துக்கு நேரே வீசாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டாயிற்று. காலையில் வெந்நீரில் நனைத்த துணியை மூடிய இமைமேல் பத்து நிமிடம் வைத்தால் இறுகிய எண்ணெய் இளகும். சொட்டு மருந்து வாங்கும்போது கெடாமலிருக்க மருந்து சேர்க்காததா, லென்ஸோடு போடத் தக்கதா என்று பார்த்து வாங்க வேண்டும். சேர்க்கும் மருந்துகளில் சில மென்மையான லென்ஸில் ஊறித் தங்கி, கருவிழியை நாள்முழுக்க அரிக்கும். உறுத்துகிறதே என்று குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவிப் போடுவது பேராபத்து. அதிலிருக்கக்கூடிய அகந்தமீபா என்ற நுண்ணுயிர் பார்வையையே பறித்துவிடும். சிவந்து வலித்தாலோ பார்வை மங்கினாலோ லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

இத்தனையும் செய்து எட்டு மணி நேரம் கிடைக்கிறது. இரவில் லென்ஸும் இல்லை, கண்ணாடியும் இல்லை. மைனஸ் 9 கண்ணுக்கு 11 சென்டிமீட்டர் தொலைவில் எல்லாம் துல்லியம். புத்தகத்தை மூக்குக்கு அரைச் சாண் தூரத்தில் பிடித்துக்கொள்கிறேன். ஒற்றைக் கண்ணால்தான் படிக்க முடிகிறது. வரியின் கடைசிக்குப் போக முகத்தையே நகர்த்த வேண்டியிருக்கிறது. எழுத்துகள் மட்டும் விரல்நுனி அளவுக்குப் பெரிதாகத் தெரிகின்றன.