இரண்டு சத்தியங்கள்

எங்கள் லாபு பக்கத் தோட்டங்களில் சத்தியப் பிரமாணம் என்றால் பிறப்புப் பத்திரத்துக்குத்தான். பால்மரம் வெட்டிய கையோடு சிரம்பான் போய், ஆணையர் முன்னால கைநாட்டு வச்சிட்டு வருவாங்க. பேரில் ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி அலையணும்.

அதனால்தான் 2008 ஜூலை எங்களுக்குப் புரியவேயில்லை. அல்தான்துயா கொலை வழக்கில் துப்பறிவாளர் பி. பாலசுப்பிரமணியம், அப்போதைய துணைப் பிரதமர் நஜிப்பைத் தொடர்புபடுத்திய சத்தியப் பிரமாணத்தை 3ஆம் தேதி வெளியிட்டார். மறுநாளே அதை மறுத்து இன்னொன்று. பிறகு குடும்பத்தோடு நாட்டைவிட்டே போனார். மிரட்டினார்கள், பணம் பேசினார்கள் என்று பின்னாளில் சொன்னார். நஜிப் எல்லாவற்றையும் மறுத்தார். 2013 மார்ச் 15 அன்று பாலா மாரடைப்பில் இறந்தார்.

"எவ்வளவு வாங்கினானாம்?" என்றுதான் எங்க சாப்பாட்டுக்கடையில் பேச்சு. "புள்ளகுட்டிக்காரன், பயந்திருப்பான்யா" என்றது பாட்டி மட்டும்தான்.