மாட்டுக்கு ஒரு ஊசி, மூன்றாம் நாள் ஒரு கேள்வி

நம் பிள்ளைகள் தோளில் இருக்கும் பி.சி.ஜி. தழும்புக்கும் மாட்டுக்கும் சம்பந்தம் உண்டு. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தப் பெயரில் உள்ள கால்மெத், கெரேன் இருவரையும் பள்ளியிலேயே தெரியும். கெரேன் ஒரு கால்நடை மருத்துவர். மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 1921 வரை 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் வீரியத்தைக் குறைத்துத்தான் இந்தத் தடுப்பூசியைச் செய்தார்கள்.

வீரியம் குறையாத கிருமி இன்றும் மாடு, எருமைகளிடம் இருக்கிறது. அதைக் கண்டறிய டியூபர்குலின் என்ற மருந்தைக் கழுத்துத் தோலில் ஊசியாகப் போட்டு, 72 மணி நேரம் கழித்துத் தோல் எவ்வளவு தடித்திருக்கிறது என்று அளப்பார்கள். கொட்டகை மாட்டுக்கு இது சரி. தென்னாப்பிரிக்காவின் குரூகர் காட்டில் 1990இல் எருமைகளுக்கு இந்நோய் இருப்பது தெரிந்தது. காட்டு எருமையை மயக்கிப் பிடித்து மூன்று நாள் அடைத்து வைப்பது லேசா? அதனால் ஒரே தடவை ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் பார்க்கும் சோதனையும் வந்தது.

இதையெல்லாம் வேப்பந்தட்டையில் எங்களுக்குப் பால் ஊற்றும் தங்கச்சியிடம் சொன்னேன். ஒரே மாட்டை வைத்துப் பிழைப்பவள். "நோய் இருக்குன்னு சொல்லிட்டா, மாட்டை நான் என்னண்ணே செய்யிறது?" என்றாள்.

சரியான கேள்வி. வெளிநாடுகளில் நோயுள்ள மாட்டை அரசு நஷ்டஈடு கொடுத்துக் கொன்றுவிடும். இங்கே பசுவைக் கொல்லச் சட்டமும் விடாது, மனசும் விடாது. சத்தமில்லாமல் சந்தையில் விற்றால் நோய் அடுத்த ஊருக்குப் போகும். முப்பது வருஷம் பதிவேடு எழுதியவன் என்பதால் சொல்கிறேன்: 'முடிவு' என்று ஒரு கட்டம் இருந்தால், பக்கத்தில் 'நடவடிக்கை' என்றும் ஒன்று வேண்டும்.

2018இல் வந்த ஓர் ஆய்வு, நம் நாட்டில் 2 கோடிக்கு மேற்பட்ட மாடுகளுக்கு இந்நோய் இருக்கலாம் என்று கணக்கிட்டது. மாட்டுக்கும் பி.சி.ஜி. போடலாம். ஆனால் போட்ட மாட்டுக்கும் பழைய சோதனையில் தோல் தடிக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டும் புதிய தோல் சோதனை பற்றி 2019இல் எழுதினார்கள். அது ஊருக்கு வந்தால் தங்கச்சிக்குப் பதில் கிடைக்கும்.

அதுவரை நம் கையில் இருப்பது அடுப்பு. கறந்த சூட்டோடு பச்சைப்பால் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து பொங்கக் காய்ச்சிக் கொடுங்கள்.