வலை இழுத்த இராயப்பர்

ஆள்வோருக்குப் பணியுமாறு புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதியதை ஒரு ஞாயிறன்று பிரசங்கித்தேன். மாலையில், ஜெகதாப்பட்டினக் கடற்கரையில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் என்னை நிறுத்தினார்.

“சாமி, இராயப்பரும் எங்களைப்போல் வலை இழுத்தவர்தானே? போதிக்கக் கூடாதென்று சங்கத்தார் தடுத்தபோது அவர் ஏன் பணியவில்லை?”

விடை கூறாது திரும்பினேன். குருமடத்தில் பல்லாண்டு பயின்றவன், பாதியை மட்டுமே போதித்திருந்தேன்.

அவ்வாரமே ஓரியூர் சென்றேன். 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் புனித அருளானந்தர் தலை கொடுத்த மண் அது. ஞானஸ்நானம் பெற்ற தடியத்தேவர், முதல் மனைவியைத் தவிர ஏனையோரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் சேதுபதி மன்னரின் உறவினர். மன்னரின் சினம் குருவின்மேல் விழுந்தது. ஏரோதின் முறையற்ற மணத்தைக் கண்டித்த ஸ்நாபக அருளப்பருக்கு நேர்ந்ததே இவருக்கும் நேர்ந்தது. அவர் கலகம் விளைவிக்கவில்லை, உண்மையை விட்டுக்கொடுக்கவுமில்லை.

வரி செலுத்தச் சொன்ன சின்னப்பரும் நற்செய்திக்காக விலங்கு பூண்டவரே. சிறையிலிருந்தும் அவர் நிருபங்கள் எழுதினார்.

அடுத்த ஞாயிறு மறுபாதியையும் பிரசங்கித்தேன். அன்பர்களே, அரசுக்கு வரியைக் கொடுப்போம், மரியாதையையும் கொடுப்போம். மனச்சாட்சி இறைவனுடையது, அதைக் கொடுக்க நமக்கு உரிமையில்லை.