காடி பேசுகிறது, காது கொடுங்கள்

உங்கள் வீட்டு வாசலில் பழைய காடி ஒன்று நிற்கிறதா? அப்படியானால் கம்போங் மேடான் வரை என்னோடு வாருங்கள்.

காப்பார் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் ஆசிரியர். என்னிடம் இருப்பது அப்பா விட்டுப்போன புரோட்டான் சாகா இஸ்வாரா. அம்மாவை மாதம் ஒருமுறை கிள்ளான் மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்வதும் அதுதான். தோட்டத்துக்குள் பேருந்து வராது என்பது உங்களுக்குத் தெரியாததா? அந்தக் காடி திடீரென்று ஒருநாள் 'கறகற'வென்று உறுமத் தொடங்கியது. எண்ணெயை மிதிக்க மிதிக்க உறுமலும் ஏறியது.

பக்கத்து ஊர்ப் பட்டறையில் போனட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். "இஞ்சின் போச்சு, இறக்கிப் பிரிக்கணும்" என்றார்கள். கேட்ட தொகையோ என் ஒரு மாதச் சம்பளம். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அப்போதுதான் கம்போங் மேடானில் பட்டறை வைத்திருக்கும் பழைய மாணவன் நினைவுக்கு வந்தான். தொலைபேசியில் அவன் முதலில் கேட்டது: "சார், எண்ணெய் அளவு சரியா இருக்கா? எண்ணெய் விளக்கு எரியுதா? சூட்டு முள் ஏறுதா?" எல்லாம் சரி என்றேன். "அப்போ பயப்படாம மெதுவா வாங்க" என்றான்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் ஷா ஆலாமைக் கடந்தேன். என் காடி பிறந்த ஊர் அது. புரோட்டானின் முதல் சாகா 1985-இல் அங்குதான் வெளிவந்தது. அதற்கு முன் அந்த நிலம் சுங்கை ரெங்காம் தோட்டம். அடுத்து வரும் பெட்டாலிங் ஜெயாவும் 1950-களில் எஃபிங்ஹாம் என்ற ரப்பர்த் தோட்டத்தில் எழுந்த நகரம்தான். நம் முன்னோர் பால்வெட்டிய மண்ணின் மேல்தான் இந்தச் சாலை முழுவதும் ஓடுகிறது!

அந்நகரின் தென்கோடியில், பழைய கிள்ளான் சாலைப் பக்கம் இருக்கிறது கம்போங் மேடான். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வெளியேறிய நம்மவர் பலர் இங்கே பலகையும் தகரமும் கொண்டு குடிசை போட்டார்கள். பிறகு அருகே டேசா மெந்தாரி போன்ற அடுக்குமாடிகள் எழுந்தன. 2001 மார்ச்சில் நடந்த கலவரத்தில் 6 உயிர்கள் போயின. ஊர்ப் பெயரைக் கேட்டால் இன்றும் சிலர் அதை மட்டுமே சொல்வார்கள். உழைத்துப் பிழைக்கும் இந்த ஊரை நான் கண்டது ஒரு தகரக் கூரைப் பட்டறையில்.

மாணவன் போனட்டைத் திறக்கவில்லை. கேள்விகளைத்தான் தொடுத்தான். "சத்தம் காலையிலா, சூடேறின பிறகா? நின்னுக்கிட்டு இருக்கும்போதும் வருதா, ஓடும்போது மட்டுமா?" நின்றிருக்கும்போதும் எண்ணெயை மிதித்தால் ஏறுகிறது என்றேன். "அப்போ சக்கரத்துல இல்ல, முன்னாடிதான்" என்று தலையாட்டினான். வகுப்பில் நான் கேள்வி கேட்க, வாய் திறக்காமல் நின்ற பையன்!

பிறகு நீண்ட ஸ்குரூ டிரைவர் ஒன்றின் முனையை ஒவ்வொரு பாகத்தின் மேலும் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டான். ஓரிடத்தில் நின்றான். இஞ்சினை அணைத்து, டைனமோ பெல்ட்டைக் கழற்றிவிட்டு மீண்டும் ஓட விட்டான். உறுமல் இல்லை! அரை நிமிடத்தில் அணைத்துவிட்டான். பல காடிகளில் தண்ணீர்ப் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது, அதனால் நீண்ட நேரம் ஓட விடக்கூடாதாம்.

"இஞ்சின் நல்லாத்தான் இருக்கு சார். டைனமோ பேரிங் தேய்ஞ்சு போச்சு."

மாலைக்குள் வேலை முடிந்தது. காத்திருந்த நேரத்தில் அவனிடம் நான் கற்ற பாடத்தை உங்களுக்கும் சொல்கிறேன். காலைக் குளிரில் 'கீச்' என்று கத்தினால், பெல்ட் தளர்ந்திருக்கலாம். மேலிருந்து தையல் மெஷின் போல 'டிக் டிக்' என்றால் எண்ணெய் அளவைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் வால்வு இடைவெளியைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். ஏற்றத்தில் சில்லறையைக் குலுக்குவது போலக் கேட்டால், பெட்ரோல் கொளுத்தும் நேரம் தவறியிருக்கலாம். இஞ்சின் வேகத்தோடு ஏறாமல், காடியின் வேகத்தோடு மட்டும் ஏறும் முனகல் பெரும்பாலும் சக்கரப் பேரிங்.

அஞ்ச வேண்டியது ஒன்று. அடியிலிருந்து உலக்கை இடிப்பது போல 'டொக் டொக்' என்று கேட்டாலோ, எண்ணெய் விளக்கு எரிந்தாலோ, உடனே ஓரங்கட்டி இஞ்சினை அணையுங்கள். ஒரு லோரிக்காரர் "வீடு வரை போய்விடலாம்" என்று ஓட்டிய கதையின் மிச்சத்தை அவன் என் கையில் வைத்தான். தேய்ந்து செம்பு தெரிந்த பேரிங் தகடு. விரலளவுதான். அதற்காக ஓர் இஞ்சினே போயிற்று.

ஆகவே, பட்டறைக்குப் போகுமுன் சத்தம் எப்போது, எங்கே, எப்படி வருகிறது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். "இஞ்சினை இறக்கணும்" என்று யாராவது சொன்னால், "பெல்ட்டைக் கழற்றிக் கேட்டீர்களா?" என்று பணிவாகக் கேளுங்கள். நீங்களே ஓடும் இஞ்சினுக்குள் கைவிடாதீர்கள். சேலை, துண்டு, கைச்சட்டை எதையும் பெல்ட் விடாது.

கூலி எவ்வளவு என்றேன். பேரிங் விலையை மட்டும் வாங்கிக்கொண்டான். "நீங்க அடிச்ச அடிக்கு இது கழிஞ்சிடுச்சு சார்" என்று சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பதில் சொல்லத் தெரியாத அந்தப் பையனின் காதை அன்று நான் எத்தனை முறை திருகியிருப்பேன்!

அடுத்த மாதம் அம்மாவைக் குறித்த நாளில் கிள்ளானுக்கு அழைத்துச் சென்றேன். பின் இருக்கையில் அவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார்.