கறுப்பிற்கும் வெள்ளைக்கும் இடையே

கறுப்பு வெள்ளைப் படம் என்னும் வழக்கு ஒருவகையிற் பொருத்தமற்றது. நல்ல படமொன்றில் முழுக்கறுப்பும் முழுவெள்ளையும் மிகச் சிறு பகுதியே. ஏனையவெல்லாம் இடைப்பட்ட சாம்பற் சாயல்கள். அவை ஒன்றிலிருந்து மற்றொன்றாகக் கரைந்து செல்வதனாலேயே கன்னத்தின் வளைவும் நெற்றியின் மேடும் நமக்குப் புலனாகின்றன. மட்டக்களப்பு வாவியை அண்டிய ஏறாவூரிற் பிறந்தவர்க்கு இஃது எளிதில் விளங்கும். வைகறையில் நீர் எங்கே முடிகின்றது, வானம் எங்கே தொடங்குகின்றது எனக் கோடிட்டுக் காட்டல் அங்கு இயலாது.

1990 ஆம் ஆண்டின் வன்செயல்களில் ஏறாவூரின் முஸ்லிம்களும் தமிழரும் உயிரும் உடைமையும் இழந்தனர். மறைந்தவரின் முகமாக அடையாள அட்டைப் படமொன்றே எஞ்சிய வீடுகள் உள. என் தாய்மாமாவின் நினைவாக எங்களிடம் இருந்ததும் அத்தகைய மங்கிய சிறுபடமே. அதனைப் பெருப்பித்துத் தந்த கடையொன்றில் 'தெளிவாக்கி'யும் கொடுத்தனர். கண்ணும் மீசையும் மையாய்க் கறுத்திருந்தன. கன்னம் வெற்றுத்தாளாய் வெளுத்திருந்தது. நெற்றியிற் பட்டைகள் விழுந்திருந்தன. அம்மம்மா அதனை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது என்ட புள்ளையில்ல" என்றார்.

அவர் கூற்றுக்குக் கணக்கியற் காரணம் உண்டு. 8 பிட் கோப்பொன்றில் கறுப்பிலிருந்து வெள்ளைவரை 256 படிகளே உள்ளன. மங்கிய படம் அவற்றுள் 80 படிகளை மட்டும் நிரப்புகிறது எனக் கொள்வோம். அதனை முழு எல்லைக்கும் இழுத்து விரித்தாலும் படிகள் 80 ஐ விஞ்சா, இடைவெளிகளே பெருகும். அவ்விடைவெளிகளே நெற்றியிற் பட்டைகளாகத் தோன்றுகின்றன. ஒருமுறை அழிந்த சாயலை எத்திருத்தமும் மீட்டுத் தராது.

ஆதலின் மூலப்படத்தை 16 பிட் அளவில் வருடியிற் பதிதல் வேண்டும்; அங்கே 65,536 படிகள் உள. ஒளி இருள் திருத்தங்கள் யாவற்றையும் அவ்வளவிலேயே சிறிது சிறிதாகச் செய்து, இறுதியிலேயே 8 பிட்டாக மாற்றல் தகும். எஞ்சும் படிகளை மெல்லிய மணித்தன்மை மறைக்கும். தாளில் மை பரவுவதால் இருட்பகுதிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். எனவே, அதே தாளிற் சிறு துண்டொன்றை முதலில் அச்சிட்டுப் பார்த்த பின்னரே முழுப்படத்தை அச்சிடுதல் நன்று.

அச்சுப்படியின் அருமையை நம் நாட்டு ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் வரலாறும் காட்டும். 1944 இல் அவர் மறைந்தபின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. அவர் தம் கையால் அச்சிட்ட படிகளிலேயே அவருடைய ஒளியும் நிழலும் இன்று வாழ்கின்றன.

நம் வீடுகளிலுள்ள படங்கள் ஆண்டுதோறும் மங்கிக்கொண்டிருக்கின்றன. கணினியும் வருடியும் கைக்கெட்டும் பல்கலைக்கழக மாணவர், விடுமுறையில் ஊர் செல்லுங்கால், அவற்றை முறையாகப் பதிந்து வைத்தல் அவர்தம் கடனாகும். முகங்களை நேரில் அறிந்தோர் உள்ளபோதே அதனைச் செய்தல் வேண்டும். படம் சரியா என்று சொல்லத் தக்கவர் அவர்களே.