குத்துச் சண்டை அரிச்சுவடி

நாற்பது வயதைத் தாண்டிய படித்த மனிதருக்குப் புதுக்கோட்டையில் விதிக்கப்பட்ட தேகாப்பியாசம் ஒன்றே ஒன்றுதான். விடியற்காலையில் புதுக்குளத்துக் கரையில் நாலு முறை நடக்க வேண்டும், நடக்கும்போது மனையின் விலை, பிள்ளைகளின் கல்லூரி, அகவிலைப்படி ஆகிய மூன்று விஷயங்களையும் பேசித் தீர்க்க வேண்டும், பிறகு கடையில் இரண்டு வடையும் சர்க்கரை போட்ட காப்பியும் சாப்பிட்டுவிட்டு, "என்ன நடந்தும் உடம்பு இளைக்கவில்லையே!" என்று வருத்தப்பட வேண்டும். நாமும் இந்த நித்திய கருமத்தை ஆறு வருஷம் சிரத்தையோடு அநுஷ்டித்தவர்கள்தாம்.

சென்ற ஆண்டு நமக்கு 44 வயது நிறைந்தபோது வைத்தியர் ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்து, "6.2" என்றார். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் கணக்கு அது. 5.7-க்குக் கீழே இருந்தால் சௌக்கியம்; 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. "இப்போது நீங்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உள்ளே போவதும் தெருவில் இறங்குவதும் உங்கள் இஷ்டம்" என்று அவர் சொன்னார். திண்ணையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான பெரிய ஆய்வின்படி, இந்தத் தேசத்தில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். நம்மைப் போல் வாசலில் இருப்பவர்கள் 13 கோடிக்கு மேல். ஆனால் கூட்டத்தை நினைத்து ஆறுதல் கொள்ள நமக்கு மனம் வரவில்லை. நம் தகப்பனார் உள்ளே போனவர். முதலில் கால்விரல் இரண்டு போயிற்று. பிறகு கண் மங்கியது. 58 வயதில் எல்லாம் முடிந்தது.

"நடை போதாது. மூச்சு வாங்க வேண்டும், வியர்வை சொட்ட வேண்டும். தசை வேலை செய்தால் அதுவே ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்" என்றார் வைத்தியர்.

நம்மிடம் ஒரு காலத்தில் தமிழ் படித்த மாணவர் ஒருவர், ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் பையன்களுக்குக் குத்துச் சண்டை பழக்குகிறார் என்று கேள்விப்பட்டிருந்தோம். அங்கே போவதென்று தீர்மானித்து வீட்டில் மெள்ளச் சொன்னோம். நம் இல்லத்தரசி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஜல்லிக்கட்டு ஒன்றுதான் பாக்கி. தச்சங்குறிச்சியில் அதற்கும் பெயர் கொடுத்துவிடுங்கள்" என்றாள். ஆசிரியர் அறையில் நடந்த பரிகாசங்களை இங்கே எழுதப் போவதில்லை. அவை இன்னும் முடிந்தபாடில்லை.

இருதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் பரிசோதித்துக் கொண்டபின், முஷ்டியை மடக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனோம். முதல் இரண்டு வாரம் குத்து என்பதே கிடையாது. தம்பி நமக்கு நிற்கக் கற்றுக் கொடுத்தார். இருபது வருஷமாக நின்றுகொண்டே சம்பளம் வாங்குகிற நமக்கு நிற்கத் தெரியாது என்பது அன்றுதான் வெளியாயிற்று. வலக்கைப் பழக்கமுள்ளவன் இடது காலை முன்னால் வைக்க வேண்டும். பின்காலின் குதிகால் சற்றே தூக்கியிருக்க வேண்டும். முழங்கால்கள் இளகியிருக்க வேண்டும். முழங்கை விலாவைக் காக்க, முஷ்டி கன்னத்தைக் காக்க, தாடை மார்பை நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும். இந்த நிலையில் முன்னும் பின்னும் பக்கத்திலும் நகரும்போது ஒரு காலும் மற்றொரு காலைத் தாண்டிப் பின்னிக்கொள்ளக் கூடாது. சொல்வதற்கு நாலு வரி. செய்வதற்குப் பதினைந்து நாள் போதவில்லை.

ஸ்கிப்பிங் கயிறு சிறு பெண்களின் விளையாட்டு என்று நினைக்கும் கனவான்கள் ஒரே ஒரு நிமிஷம் தாண்டிப் பார்க்கட்டும். முதல் நாள் நாம் 17 தடவை தாண்டி, பதினெட்டாவதில் கயிற்றோடு உட்கார்ந்துவிட்டோம். கையில் நாடா சுற்றுவது வேறொரு பாடம். ஒரு கைக்கு ஏறக்குறைய நாலரை மீட்டர் நீளமுள்ள துணி நாடா. மணிக்கட்டில் தொடங்கி, கட்டைவிரலை அணைத்து, விரல்முட்டுகளின்மேல் மெத்தைபோல் படிய வேண்டும். மனிதனுடைய கையில் 27 எலும்புகள் இருக்கின்றன. குத்துகிறவன் முதலில் காப்பாற்ற வேண்டியது தன் கையைத்தான். கோபத்தில் சுவரைக் குத்துகிற வாலிபர்களுக்குச் சுண்டுவிரலை ஒட்டிய எலும்பு முறிவது சகஜம். வைத்திய நூல்களில் அதற்குக் 'குத்துச் சண்டைக்காரன் முறிவு' என்று பெயர். பெயர் வைத்தவர்கள் குத்துச் சண்டைக்காரர்களுக்கு அநியாயம் செய்துவிட்டார்கள். பழகியவன் ஆள்காட்டி விரல், நடுவிரல் இவற்றின் முட்டுகளால் குத்துகிறான். முறிவு பெரும்பாலும் பழகாதவனுக்குத்தான்.

குத்துவதும் கை வேலை அன்று. பின்பாதம் தரையை உந்துகிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் தொடர்கிறது, கை கடைசியாகப் போய்ச் சேர்கிறது. போன வழியே உடனே திரும்பிக் கன்னத்துக்கு வந்துவிட வேண்டும். ஒவ்வொரு குத்துக்கும் மூச்சு 'உஸ்' என்று வெளியே போக வேண்டும். 'ஜாப்' என்ற இடக்கை நேர்குத்து ஒன்றையே நாம் ஒரு மாதம் சாதகம் செய்தோம். தொங்கும் மூட்டையை மூன்று நிமிஷம் குத்தி, ஒரு நிமிஷம் ஓய்வெடுக்க வேண்டும். மூன்று நிமிஷம் என்பது வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும் நேரம். மூட்டைக்கு முன்னால் அது ஒரு யுகம். ஒரு நாள், பள்ளியில் ஏற்பட்ட ஒரு மனக்கசப்பை அந்த மூட்டையின்மேல் தீர்த்துக்கொள்ளலாம் என்று வெகு வேகமாக ஆரம்பித்தோம். நாற்பது விநாடியில் மூச்சு நின்றது, கைகள் தொங்கின. தம்பி சிரித்துக்கொண்டே, "கோபம் சீக்கிரம் தீர்ந்துடும் ஸார். இன்னும் ரெண்டு நிமிஷம் இருபது செகண்டு இருக்கு" என்றார்.

தம்பி இந்த வித்தையைக் கற்றுக்கொண்டது வடசென்னையில். வேலைக்காக அங்கே ராயபுரத்தில் நாலு வருஷம் இருந்தவர். ஓய்வு வேளைகளில் அவர் சொல்லும் கதைகளிலிருந்து நமக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. ஆங்கிலேயச் சிப்பாய்களும் கப்பல்காரர்களும் கொண்டுவந்த இந்தச் சண்டையைத் தமிழ்நாட்டில் வளர்த்தவர்கள் கல்லூரிக்காரர்கள் அல்லர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், வலை இழுத்தவர்கள், ஆலைத் தொழிலாளிகள் ஆகியோரே அதற்குச் சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று, சங்கீதத்துக்கு இருப்பதுபோல் பரம்பரைகளையே உண்டாக்கினார்கள். கித்தேரி முத்து என்ற வீரர் டெர்ரி என்ற ஆங்கிலேயரை வீழ்த்திய கதை அந்தத் தெருக்களில் இன்றும் வழங்குகிறது. 1994-ல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்ற தேவராஜனும் சென்னைக்காரர்தாம். நம்மைப் போன்ற குடும்பங்களில் பலருக்கு இந்தப் பரம்பரைகளின் பெயரே 2021-ல் 'சார்பட்டா பரம்பரை' என்ற சினிமா வந்த பிறகுதான் தெரிந்தது.

போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைப் பாடும் புறநானூற்றுச் செய்யுட்களை வகுப்பில் எத்தனையோ முறை விஸ்தரித்திருக்கிறோம். அந்தக் கிள்ளியின் தகப்பன் ஆண்ட உறையூர், இங்கிருந்து திருச்சி பஸ் ஏறினால் போய்ச் சேருகிற ஊர்தான். மல்லனின் மார்பில் எந்தக் கால் ஊன்றிற்று என்று பதவுரை சொல்லத் தெரிந்த பண்டிதர்களாகிய நாம், காலை ஊன்றும் காரியத்தை மட்டும் மூட்டை சுமப்பவர்களிடம் விட்டுவிட்டோம். அவர்கள் அதைக் கைவிடாமல் வைத்திருந்ததனால் இன்று நமக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது.

இதில் ஆபத்தே இல்லை என்று சொல்லி நேயர்களை ஏமாற்ற நமக்கு விருப்பமில்லை. 1928-லேயே மார்ட்லண்ட் என்ற அமெரிக்க வைத்தியர், தலையில் திரும்பத் திரும்ப அடிபட்ட குத்துச் சண்டைக்காரர்களின் தள்ளாட்டத்தையும் மூளைத் தளர்ச்சியையும் பற்றி எழுதினார். 1980-ல் முகம்மது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் பந்தயம் ஆடினார். நாலே வருஷத்தில், 1984-ல், அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று வைத்தியர்கள் நிச்சயித்தார்கள். தலைக்காப்பு அணிந்தால் போதாதா என்று கேட்கலாம். அது தோல் கிழிவதைத் தடுக்கும்; மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. ஆகவே தலையில் அடி வாங்கும் பழக்கம் நமக்கு வேண்டவே வேண்டாம் என்பது வைத்தியர் போட்ட நிபந்தனை. நல்ல வேளையாகப் பந்தய விதிகளும் நம் பக்கம் இருக்கின்றன: சர்வதேசப் பந்தயங்களில் பெரியவர்கள் பிரிவு 19 வயதில் தொடங்கி 40-ல் முடிந்துவிடுகிறது.

எட்டு மாதத்தில் நம் எடை 78 கிலோவிலிருந்து 71 ஆயிற்று. இடுப்பு 7 சென்டிமீட்டர் குறைந்தது. வேட்டி மட்டும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. சர்க்கரைக் கணக்கு 5.8. இன்னும் திண்ணைதான், ஆனால் கால்கள் தெருப்பக்கம் தொங்குகின்றன.

கொட்டகையில் நம்மோடு பழகுகிறவர்களில் ஒருவன் நம் பள்ளியிலேயே பத்தாம் வகுப்புப் படிக்கிறான். வகுப்பில் கடைசிப் பெஞ்சு. கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பான். கொட்டகையில் அவன் வேறு ஆள். "ஸார், தாடை!" என்று நமக்குத் தவறாமல் நினைவூட்டுகிறவன் அவன்தான். ஒரு நாள் தம்பி எங்கள் இருவரையும் ஜோடி சேர்த்தார். தலைமேல் படக் கூடாது. தோளையும் வயிற்றையும் தொட்டால் போதும். முதல் நிமிஷம் இருவரும் சுற்றிச் சுற்றி வந்தோமே தவிர, ஒருவரும் கை நீட்டவில்லை. அவனுக்கு வாத்தியாரைத் தொடப் பயம். நமக்கு மாணவனைத் தொடக் கூச்சம். "இங்க ஸாரும் கிடையாது, பையனும் கிடையாது" என்று தம்பி அதட்டினார். அதற்கப்புறம் அவன் நம் விலாவைப் பதினோரு தடவை தொட்டான். நாம் அவன் தோளை ஒரு தடவை தொட்டோம். அவன் முகம் மலர்ந்து, "இதான் ஸார்!" என்றான். அன்று முழுவதும் அந்த வார்த்தை நம் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் அவன் தாயார் நம்மைத் தேடி வந்தார். ஆதனக்கோட்டைப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைப்பவர். ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல்கள் கருத்திருந்தன. "நீங்க சொன்னா கேப்பான் ஸார். பரீட்சை வருஷம். மண்டையில அடிபட்டு ஏதாச்சும் ஆயிட்டா நான் யாரைப் போய்க் கேக்கிறது?" என்றார். அவன் வயதுக்காரர்கள் தலைக்காப்பு அணிந்தே ஆடவேண்டும் என்பதையும், நடுவர் சந்தேகப்பட்டால் உடனே நிறுத்திவிடுவார் என்பதையும், இந்த வித்தையினால் அவனுக்கு வந்திருக்கும் நிமிர்ந்த பார்வையையும் எடுத்துச் சொன்னோம். அந்த அம்மாள் பொறுமையோடு கேட்டார்.

"அதெல்லாம் சரிங்க. அடிபடுமா, படாதா? அதச் சொல்லுங்க."

"படும், அம்மா" என்றோம்.

அவர் தம் விரல்களைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் இருந்தார். "பரீட்சை முடியிற வரைக்கும் பந்தயம் வேணாம். பழகட்டும். நீங்க கூட இருந்து படிக்க வைங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

இப்போது மாலையில் பயிற்சி முடிந்ததும் கொட்டகை விளக்கடியில் அரைமணி நேரம் செய்யுள் நடக்கிறது. அளபெடையைக் கண்டால் அவனுக்கு இன்னும் குலை நடுக்கம்தான். ஏப்ரலில் பரீட்சை முடிகிறது. மே மாதப் போட்டிக்கு அவன் பெயரைத் தம்பி எழுதி வைத்திருக்கிறார். அந்த அம்மாள், பார்க்க மனம் தாங்காது என்று வரமாட்டாராம். மூலையில் துண்டும் தண்ணீரும் வைத்துக்கொண்டு, மணி அடித்ததும் முக்காலியை நீட்டுகிற உத்தியோகம் நமக்குக் கிடைத்திருக்கிறது.